பின்னால் வருகிறவன்

அஸர் தொழுதுவிட்டு வந்ததும் வாப்பா லொறியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். டயர்களைக் காலால் தட்டுவார். தண்ணீர், ஒயில் பார்ப்பார். கடைசியாக என்னைக் கூப்பிடுவார். நான் ட்ரைவர் ஆசனத்தில் ஏறுவேன். கால் எட்டாது. ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆசன விளிம்பிலிருந்து வழுகி, கிட்டத்தட்ட நின்றுகொண்டுதான் பிறேக்கை மிதிக்க வேண்டும்.

"மிதி" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். மிதிப்பேன்.

"விடு. இன்னொருக்கா மிதி."

"எரியுதா வாப்பா?"

"இடது எரியுது. வலது... எரியுது. இறங்கு."

எண்பதுகளின் கடைசி. முல்லைத்தீவில் முள்ளியவளைக்குப் பக்கத்து நீராவிப்பிட்டி எங்கள் ஊர். லொறி பழைய பெட்போர்ட். இந்த வேலையை ஒரு ஆளால் செய்ய முடியாது என்பது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. மிதிக்கிறவனுக்கு வெளிச்சம் தெரியாது, வெளிச்சத்தைப் பார்க்கிறவனால் மிதிக்க முடியாது. கிளீனர் பெடியன் இல்லாத நாட்களில் வாப்பாவுக்கு நான்தான் வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. இதைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இந்தப் பக்கங்களின் வாசகர்களிலேயே இருக்கிறார்கள். நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. லொறி முற்றத்தில் நின்றது, நாங்கள் நடந்தோம், அவ்வளவுதான். பிறகு புத்தளத்தில் இருபது வருஷம். முதலில் ஓலைக் கொட்டில், பிறகு தகரம், பிறகு அரைச்சுவர் வீடு. வாப்பா அங்கேயே மௌத்தானார். கடைசிவரை அவர் இன்னொரு லொறி வாங்கவில்லை, மற்றவர்களின் லொறிதான் ஓட்டினார். நான் சிங்களம் படித்ததும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. மரக்கறிச் சந்தையிலும் லொறித் தட்டிலும் காதால் படித்தது. தம்புள்ளைக்காரனா என்று கேட்கிற அளவுக்குப் பேசுவேன். அந்தச் சிங்களத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலை இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு ஊர் திரும்பியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். காடு வெட்டி, கிணறு இறைத்து, ஒரு அறை கட்டினோம். 2013இல் வவுனியாவில் பழைய ஈசுசு எல்ஃப் லொறி ஒன்று வாங்கினேன். 24 வோல்ற் வண்டி. பல கை மாறியது, யுத்த காலத்தில் வன்னிக்குள் ஓடியது என்றார் விற்றவர். கதவைச் சுரண்டினால் மூன்று நிறத்தில் பெயின்ற் வரும். என்னை எப்போதாவது கவிதை எழுதுகிறவனாக மட்டும் அறிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்கும். நெல், செங்கல், தேங்காய் ஏற்றி வாழ்கிறவன் நான். கவிதையால் ஒரு லீற்றர் டீசல் வந்ததில்லை.

வாங்கி மூன்றரை வருஷம் எந்தக் குறையும் இல்லை. பிறகு பிறேக் லைற் ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது என்று ஆனது. எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். ஓர் இரவு அரிசி ஆலையின் வெள்ளைச் சுவருக்குப் பின்பக்கத்தைக் கொடுத்து நிறுத்தினேன். பிறேக்கை மிதிக்கும்போது கண்ணாடியில் சுவர் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. தனியாக ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன், சோதித்துப் பார்க்க இதைவிட லேசான வழி இல்லை. அடுத்த நாள் அதே சுவர் சிவந்தது. சரி, லூஸ் தொடுப்பு, ஓய்வாக ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டேன். பிறகு எரியாத நாட்கள் கூடின. அதையும் விட்டேன். லொறி ஓடியது, நின்றது, சம்பாதித்தது. லைற் எனக்குத் தேவைப்படவில்லை. பின்னால் வருகிறவனுக்குத்தானே அது.

2017 செப்டெம்பர். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதி. யுத்தத்துக்குப் பிறகு காபெற் போட்டு, ஊசி விழுந்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். மஃரிப் நேரம். முன் லைற் போட்டிருந்தேன். வன்னியில் அந்த நேரத்தில் மாடுகள் றோட்டில் வந்து படுக்கும். பகல் சூடு தாரில் இருக்கும், காட்டுக்குள் நுளம்பு. வளைவு முடிகிற இடத்தில் நாலைந்து மாடுகள். ஓங்கி மிதித்தேன். லொறி நின்றது. மாடுகள் எழும்பவும் இல்லை. ஒரு மூச்சு விட்டிருப்பேன், பின்னால் தகரம் கிழிகிற சத்தம்.

மோட்டார் சைக்கிள். பத்தொன்பது வயதுப் பெடியன், மேசன் வேலைக்குக் கையாளாகப் போய் வந்துகொண்டிருந்தவன். லொறியின் வலப்பக்கப் பின்மூலையில் மோதி விழுந்திருந்தான். தலைக்கவசம் இருந்தது, உயிர் இருந்தது. வலது கை முழங்கைக்கு மேலே மடியக்கூடாத இடத்தில் மடிந்திருந்தது. என் ரெயில் லைற் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது.

மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிறவன் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறான். இதை நான் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எரிந்தால் அவன் கால் உடனே போகும். எரியாவிட்டால், முன்னால் போகிற பெட்டி பெரிதாகிக்கொண்டு வருகிறது என்று கண் கண்டுபிடிக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் அதற்கு அந்த ஒரு விநாடியும் போதாது. அமெரிக்காவில் 1986 மொடல் கார்களிலிருந்து பின்கண்ணாடிப் பக்கம் மூன்றாவது பிறேக் லைற் ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். இரண்டு ஒழுங்காக எரிந்தும் போதாது என்று மூன்றாவது. என்னிடம் ஒன்றும் எரியவில்லை.

பொலிஸ் வந்தது. எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. குற்றம் அவர்களுடையதல்ல. வந்தவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். நான் சிங்களத்தில் பேசினேன். அவருடைய முகம் இளகியதை இப்போதும் நினைக்க முடிகிறது. பிறேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இடதுபக்கமும் எரியவில்லை.

"பிறேக் லைற் வேலை செய்ததா?"

"செய்தது சேர். இவன் இடித்ததில் வலது உடைந்து சோட் ஆகிவிட்டது. அதில்தான் மற்றதும் போயிருக்கிறது."

யோசிக்காமல் வந்த பதில் அது. நல்ல சிங்களத்தில், நம்பும்படியாக வந்தது. அவர் எழுதிக்கொண்டார். பெடியனிடம் லைசென்ஸ் இல்லை என்பதும் தெரியவந்தது. அதோடு முடிந்தது. அவன் அம்புலன்ஸில் ஏற்றப்படும்போது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சிங்களத்தில் சொல்ல அங்கே என்னைத் தவிர வேறு ஆளில்லை. நான் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் புதுக்குடியிருப்புப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்கிற ஒருவரிடம் லொறியைக் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும். வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஒரு பட்டரி, மூன்று பெட்டி பழைய சாமான். புதுக் கண்ணாடியும் பல்பும் வாங்கிப் போயிருந்தேன். பூட்டித் தந்தால் போதும் என்றேன்.

"ரெண்டு பக்கமும் எரியேல்லையோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"அப்ப பல்ப் இல்லைத் தம்பி. ரெண்டு பல்ப் ஒரே நாளில சாகாது. ஹோர்ன் அடிக்குதோ?"

அடித்தது. இந்த லொறியில் ஹோர்னுக்கும் பிறேக் லைற்றுக்கும் ஒரே பியூஸ்தான், ஆகவே பியூஸும் நல்லம் என்றார். உடைந்த பல்பின் அடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத அந்தப் பித்தளைக் குமிழை வெயிலில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, நேரம் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

என்னிடம் ஒரு டிஜிற்றல் மீற்றர் இருந்தது. பின்பக்கச் சொக்கற்றில் வைத்துக் காட்டினேன். மிதித்தால் 24 காட்டியது. "பாருங்கோ, கரண்ட் வருது" என்றேன். அவர் சிரித்தார். அவருடைய கருவி ஒரு பல்ப், இரண்டு வயர், ஒன்றில் கவ்வி, மற்றதில் சாக்கு ஊசி. அதை வைத்தபோது பல்ப் எரியவில்லை.

"மீற்றர் கேக்கிறது துளிக் கரண்ட். கறள் பிடிச்ச தொடுப்புக்கூட அந்தத் துளியைக் குடுத்திடும். இருக்கெண்டு காட்டும். பல்ப் வேலை வாங்கும். வேலை வாங்கேக்கதான் இருக்கோ இல்லையோ எண்டு தெரியும்."

பிறகு நடந்ததை ஒரு மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் ஏர்த். லொறிகளில் பாதி நோய் அங்கேதான் என்றார். செசியில் கறள் ஏறினால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து இழையால் சுற்றிப் போகும். பிறேக்கை மிதித்தால் சிக்னல் மங்கலாக எரிகிறதே, அந்த விளையாட்டெல்லாம் இதனால்தான். பட்டரியின் நெகற்றிவிலிருந்து நீட்டு வயர் இழுத்துக் கொடுத்தும் எரியவில்லை, ஆகவே ஏர்த் இல்லை. பிறகு பிறேக் பெடலுக்கு மேலேயுள்ள சுவிட்ச். சும்மா இருக்கும்போது பெடல் அதை அமத்தி வைத்திருக்கிறது. மிதித்தால் பெடல் விலக, ஸ்பிரிங் தள்ள, தொடுப்பு விழுகிறது. ஊசியை ஒரு காலில் வைத்தார், எரிந்தது. மிதிக்கச் சொல்லி மற்றக் காலில் வைத்தார், அதுவும் எரிந்தது. சுவிட்சும் நல்லம். கேபினுக்கு வெளியே, செசிக்கு இறங்கும் இணைப்பில் பட்டரியிலிருந்து நேரே கொடுத்தார். பின்னால் இடதுபக்கம் பளீரென்று எரிந்தது.

"சுவிட்சுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில ஒரு முழம் வயர்தான் இருக்கு. அதுக்குள்ளதான் ஆள் ஒளிச்சு நிக்கிறார்."

டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு நுழைந்தார். கொம்பனி சுற்றிய டேப்புக்கு மேலே வேறொரு சுற்று இருந்தது. பொலித்தீன் பையைக் கீலமாகக் கிழித்துச் சுற்றி நெருப்புக்குச்சியால் உருக்கி ஒட்டியிருந்தார்கள். அதைப் பிரித்ததும் பச்சை வயரில் வெட்டு. வெட்டிய இரண்டு முனையிலும் வேறு நிறத்தில் இரண்டு வயர் முறுக்கி, ஆசனத்துக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. ஆசனத்தின் இரும்புச் சட்டத்தில், ஓட்டுகிறவனின் இடது கை தொங்கினால் விரல் படுகிற இடத்தில், ஒரு சின்ன நெம்பு சுவிட்ச். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றியது. நாலு வருஷம் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். விரல் பட்டதே இல்லை.

அவர் வெளியே வந்து, சுவிட்சை உள்ளங்கையில் வைத்து ஊதினார்.

"இது என்ர கை இல்லை. நான் எண்டால் முறுக்கிப்போட்டு விட்டிருக்க மாட்டன், ஈயம் ஒட்டியிருப்பன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப ஈயம் எங்க கிடைச்சது" என்று தனக்குள் சொன்னார்.

இரவில் வெளிச்சம் காட்டாமல் ஓடுவதற்காகப் போட்ட சுவிட்ச் அது. முன் லைற்றை ஓட்டுகிறவன் நினைத்தால் அணைக்கலாம். பிறேக் லைற் அப்படியல்ல, அது காலோடு பிறந்தது. பள்ளத்துக்கு மிதித்தாலே எரிந்து, மேலே பறக்கிறவனுக்கு இடம் சொல்லிவிடும். ஆகவே இப்படி ஒரு பூட்டு. எத்தனையோ வாகனத்துக்குத் தானும் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். பட்டரி, எரிபொருள், சீமெந்து எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தவை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு முழம் வயரும் எங்கோ ஒரு செத்த வாகனத்திலிருந்து உருவியதாகத்தான் இருக்கும்.

உலகத்தில் இது புதிதல்ல. இராணுவ வாகனங்களில் இருட்டடிப்புச் சுவிட்ச் தொழிற்சாலையிலேயே பூட்டி வரும். அதைத் திருப்பினால் வழமையான பிறேக் லைற் செத்து, பின்னால் வருகிற வண்டிக்கு மட்டும் தெரிகிற ஒரு மினுங்கல் எரியும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய 1939இல் பிரித்தானியாவில் இருட்டடிப்புப் போட்டதும், ஜெர்மன் குண்டு விழுவதற்கு முன்பே இருட்டு வீதிகளில் அடிபட்டுச் செத்தவர்கள் ஏராளம். வன்னியில் அப்படிச் செத்தவர்களை யாரும் தனியாக எண்ணவில்லை. எண்ணுவதற்கு வேறு சாவுகள் இருந்தன.

யாரோ அந்தச் சுவிட்சைத் திறந்த நிலையில் விடாமல் பூட்டிய நிலையில் விட்டுவிட்டு லொறியை இழந்திருக்கிறான், அல்லது விற்றிருக்கிறான். அதனால்தான் வருஷக்கணக்காக லைற் எரிந்தது. உள்ளே செப்புத் தகடு பச்சை பிடிக்கப் பிடிக்க, ஒரு நாள் எரிந்து ஒரு நாள் அணைந்தது. அவனை நினைத்துப் பார்த்தேன். எந்த வழியால் போனான், எதை ஏற்றினான், 2009இல் எங்கே நின்றான். தன் உயிருக்கு அவன் செய்தது அது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பிழை என்னுடையதல்ல, யுத்தத்தினுடையது என்று சொல்லிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெட்டை நேராக்கி, ஈயம் ஒட்டி, ரப்பர் குழாய் போட்டு மூடினார். "மிதியும்" என்றார் பின்னாலிருந்து. மிதித்தேன். "எரியுது. விடும்." விட்டேன். முப்பது வருஷத்துக்கு முந்திய சத்தம் காதில் விழுந்து கண் கரித்தது. வெயிலில் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூலி கொடுக்கும்போதுதான் அவர் பொக்கற்றிலிருந்து அந்தப் பித்தளைக் குமிழை எடுத்தார்.

"இதுக்குள்ள ரெண்டு இழை. சின்னது ராத்திரி லைற். பெரிசு பிறேக். எரிஞ்சுகொண்டிருக்கேக்க கண்ணாடி உடைஞ்சா இழையில காத்துப் பட்டுக் கருகிப்போகும். இஞ்ச பாரும். சின்னது கருகியிருக்கு. பெரிசு சுருள் குலையாமல் வெள்ளியாய் மினுங்குது." என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீர் பிறேக்கிலதானே நிண்டனீர், இடிக்கேக்க?"

"ஓம்."

"பொலிசில என்ன சொன்னீர்?"

சொன்னேன். அவர் தலையாட்டவும் இல்லை, ஏசவும் இல்லை. குமிழை என் கையில் வைத்து, "உம்மட சாமான்" என்றார். அடுத்த வாகனத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று கிழமை அது டாஷ்போர்ட்டில் கிடந்தது. குலுங்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. எடுத்து எறிய இரண்டு முறை கையில் எடுத்தேன். உம்மாவிடம் சொன்னேன். உம்மா நெடுநேரம் பேசாமலிருந்தா. "எங்கட லொறி எங்க போச்சு, ஆர் எடுத்தது எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. உன்ர வாப்பா அதைக் கேட்டுக்கொண்டேதான் போனார்" என்றா. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனேன். இந்திய உதவி வீட்டுத் திட்ட வீடு, பூசாத சுவர். பெடியன் விறாந்தையில் இருந்தான். கையில் தகடு வைத்திருந்தார்கள். ஆறு மாதம் பாரம் தூக்கக்கூடாது. மோட்டார் சைக்கிளை லீசிங்காரர் தூக்கிப் போயிருந்தார்கள். தாய் கதிரை போட்டா. தகப்பன் உள்ளேயிருந்து வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றார்.

குமிழை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லைற் எரியவில்லை, எனக்கு முன்னமே தெரியும், பொய் சொன்னேன். சுவிட்சைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். தொடங்கும்போதே அது சாட்டாக ஒலித்தது, நிறுத்திக்கொண்டேன்.

"அவன் சொன்னவன்" என்றா தாய். என்னிடம் சொல்லவில்லை, கதவுநிலையைப் பார்த்துச் சொன்னா. "ஆசுப்பத்திரியிலயே சொன்னவன், லைற் பத்தேல்லை எண்டு. நீங்கள்தான், ஓடத் தெரியாமல் ஓடிப்போட்டுக் கதை விடுறாய் எண்டு ஏசினனீங்கள். அந்தக் கையோட இருக்கிறவனை."

தகப்பன் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். முற்றத்தில் இறங்கி, படலையைத் திறந்து வெளியே போய்விட்டார். தேத்தண்ணி வரவில்லை. வந்திருந்தால் எப்படிக் குடித்திருப்பேனோ தெரியாது.

பொலிசுக்கு அடுத்த திங்கட்கிழமை போனேன். வாக்குமூலத்தை மாற்ற வந்திருக்கிறேன் என்று சொன்னபோது அதே உத்தியோகத்தர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு நீதிமன்றம், தண்டப்பணம். பெடியனுக்கு லைசென்ஸ் இல்லாத குற்றம் இருந்தது, அது போகவில்லை. அவனுடைய ஆறு மாதக் கூலியையும் லீசிங் பாக்கியையும் எட்டு மாதத்தில் கட்டினேன். தகப்பன் ஒரு முறையும் என்னோடு பேசவில்லை, காசைத் தாய்தான் வாங்கினா.

அந்த வெள்ளிக்கிழமை நான் எழும்பியபோது பெடியனும் எழும்பினான். லொறிவரைக்கும் வந்தான். பின்பக்கம் போய், புதுக் கண்ணாடியை இடது கையால் தடவிப் பார்த்தான்.

"இப்ப எரியுதோ அண்ணை?"

"எரியுது."

நம்பவில்லை போலும். அங்கேயே நின்றான்.

"ஏறி மிதியுங்கோ" என்றான்.

ஏறி மிதித்தேன். சத்தம் வரவில்லை. காலை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்தேன். குனிந்து, முதலில் இடதுபக்கம், பிறகு வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.